அடுக்குப் பார்க்காத பேக்கப்

"பேக்கப் இருக்குத்தானே?" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: இருக்கு. பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள், ஸ்ரூடியோவில் கேளுங்கள், கோயில் மலர் அடிக்கிற கொமினிகேஷன் கடையில் கேளுங்கள், இருக்கு. அடுத்த கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: "அத எப்பயாவது திருப்பி ஏத்திப் பாத்திருக்கீங்களா?" நான் கேட்ட இடங்களில் ஒருத்தரும் இதற்கு ஓம் சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒரு அண்ணன், "ஏன் மனே, நல்லா ஓடுற மிசினுக்கு வருத்தம் வரப் பண்ணச் சொல்றியா?" என்று கேட்டார். நியாயமான பயம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

திருப்பி ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அதோடு இன்னொன்று: தமிழில் வேலை செய்த பழைய கொம்பியூட்டர்களில் கோப்புகளை மட்டும் கொப்பி பண்ணி வைப்பது காணாது, சிஸ்டம் டிஸ்க்கை முழுசாக எடுத்து வைக்க வேண்டும்.

மட்டக்களப்பில் கூத்துப் பழகினவர்களுக்கு இது புதுக் கதையில்லை. சட்டம் கொடுத்து, கிழமைக்கூத்து ஆடி, சதங்கை கட்டி, மறுகா அடுக்குப் பார்த்துத்தான் அரங்கேற்றத்துக்குப் போவது. அரங்கேற்றத்துக்கு முதல் முழுக் கூத்தையும் ஓட விட்டுப் பார்க்கிற அந்த வேலையை ஒரு அண்ணாவியாரும் விடமாட்டார். கொப்பியில் பாட்டு முழுக்க இருக்கு என்பதற்காக யாரும் நேரே களரி ஏறுவதில்லை. கொம்பியூட்டர் விஷயத்தில் மட்டும் டிஸ்க் செத்த அன்றைக்குத்தான் முதல்தடவை ஆடிப் பார்க்கிறோம்.

கிராமத்துக் கழகம் இப்படி இருந்தால் மன்னிக்கலாம். நம் அரசாங்கமே இப்படித்தான் இருந்தது.

2023 ஓகஸ்ட் 26. லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச மேகக் கட்டமைப்பில் ரான்சம்வேர் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பாவித்த கிட்டத்தட்ட 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அதைப் பராமரித்தது ஐசிடிஏ, அதாவது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம். 12 மணித்தியாலத்துக்குள் சிஸ்டத்தைத் திருப்பி எழுப்பிவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். கேட்க நல்லாயிருக்கு. ஆனால் எழும்பி வந்த சிஸ்டத்தில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்கள் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல், அப்படியே வெட்டி எடுத்த மாதிரி. ஒன்லைனில் ஒட்டிக்கொண்டிருந்த பேக்கப்பையும் அதே ரான்சம்வேர் பூட்டிவிட்டது. அந்தக் காலத்துக்கு வெளியே கழற்றி வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மைக்ரோசொவ்ட் எக்ஸ்சேஞ்ச். புதுப்பிக்க வேண்டும் என்று 2021 முதலே திட்டம் இருந்தது, காசு இல்லாமல் இழுபட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2021இல், இதே அரச மேகத்தில் இருந்த மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபோய் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அப்போதே பாடம் படித்திருக்கலாம்.

2023இல் நடந்ததை நான் திரும்பத் திரும்ப யோசிப்பதற்குக் காரணம், அங்கே பேக்கப் இருந்தது என்பதுதான். கேட்டிருந்தால் அவர்களும் "இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வேறொரு இடத்தில், வெறும் சேர்வர் ஒன்றில், கழற்றி வைத்த பிரதியை மட்டும் ஏற்றிப் பார்த்திருந்தால் மே 17க்குப் பிறகு ஒன்றும் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சரி, கொழும்பை விடுவோம். நம்ம பக்கம் "பேக்கப் இருக்கு" என்பதற்கு என்ன அர்த்தம்? பத்துக்கு எட்டுத் தடவை அர்த்தம் இது: "டி டிரைவ்ல போட்டு வைச்சிருக்கன்." சீ வேறு, டி வேறு, விண்டோஸ் போனாலும் டியில் இருப்பது தப்பும் என்ற நம்பிக்கை. விண்டோஸ் மட்டும் கெட்டால் தப்பும்தான். கடைக்காரத் தம்பி சீயை மட்டும் போமற் அடித்து விண்டோஸ் ஏற்றித் தருவார். ஆனால் பெரும்பாலான வீட்டுக் கொம்பியூட்டர்களில் சீயும் டியும் ஒரே டிஸ்க்கைப் பிரித்த இரண்டு அறைகள்தான். நடுவில் சுவர் இருக்கிறது, அத்திவாரம் ஒன்று. டிஸ்க் செத்தால் இரண்டும் போகும். ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் பூட்டும். திருட்டு மென்பொருளுக்கு "கிராக்" தேடி இறக்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது தூரத்து ஆபத்து இல்லை. ஸ்டொப் என்ற ரான்சம்வேர்க் குடும்பம் உலகமெங்கும் வீட்டுக் கொம்பியூட்டர்களுக்குள் புகுந்ததே அந்தக் கிராக்குகளோடு சேர்ந்துதான்.

டிஸ்க் சாக இங்கே காரணங்களுக்குப் பஞ்சம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததென்று நாடே இருண்டது. எழுதிக்கொண்டிருக்கிற டிஸ்க்குக்கு ஒவ்வொரு வெட்டும் ஒரு அடி. அதற்கு மேலே உப்புக் காத்து. கல்லடி, நாவலடிப் பக்கம் கொம்பியூட்டரைக் கழற்றித் துடைத்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பூச்சு தெரியும்.

இனி சிஸ்டம் டிஸ்க் என்ற சொல். இங்கேதான் பெரிய குழப்பம். விண்டோஸில் "சிஸ்டம் ரீஸ்டோர்" என்று ஒன்று இருக்கிறது. அது செட்டிங், டிரைவர் போன்றவற்றை முந்தைய ஒரு நாளுக்குப் பின்தள்ளும். அழிந்த உங்கள் படத்தையோ கடிதத்தையோ கொண்டுவராது, செத்த டிஸ்க்கை எழுப்பவும் மாட்டாது. "ரீசெற்" இன்னொன்று. அது விண்டோஸைப் புதுசாக்கும், நீங்கள் ஏற்றிய மென்பொருட்களைத் துடைத்துவிடும். நான் சொல்வது மூன்றாவது: டிஸ்க் இமேஜ். டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும், பூட் ஆகிற சின்னப் பகுதி முதற்கொண்டு, விண்டோஸ், மென்பொருள், எழுத்துரு, கீபோட், கோப்பு எல்லாவற்றையும், ஒரே பெரிய கோப்பாக வெளி டிஸ்க்கில் படம்பிடித்து வைப்பது. அதை வெறும் டிஸ்க் ஒன்றில் ஏற்றினால் பழைய கொம்பியூட்டர் அதே மேசைப் படத்தோடு எழும்பி வர வேண்டும். குளோன்சில்லா, ரெஸ்கியூசில்லா இரண்டும் இலவசம், பென்டிரைவில் இருந்தே ஓடும். விண்டோஸுக்குள்ளும் பழைய இமேஜ் கருவி ஒன்று கிடக்கிறது. ஆனால் 2017இலேயே மைக்ரோசொவ்ட் அதைக் கைவிடப்போகிற பட்டியலில் போட்டுவிட்டது, ஆகவே அதில் சாய வேண்டாம்.

"கோப்பு இருந்தாப் போதாதா, விண்டோஸ் எங்கயும் கிடைக்குமே?" என்று கேட்பீர்கள். இங்கிலீசில் வேலை செய்கிறவனுக்குப் பெரும்பாலும் போதும். நமக்கு?

பாமினியை எடுங்கள். 2010 வரைக்கும், சில கடைகளில் இன்றைக்கும், மட்டக்களப்பில் தமிழ் அடித்தது பாமினி எழுத்துருவில். பாமினியில் "அம்மா" என்பது கொம்பியூட்டருக்குத் தமிழ் இல்லை. அதற்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற இங்கிலீஸ் வரிசை. பாமினி என்ற எழுத்துரு அந்த மிசினில் இருந்தால்தான் அது அம்மாவாகத் தெரியும். எழுத்துரு இல்லாத மிசினில் திறந்தால் பூனை கீபோட்டில் நடந்த மாதிரி இருக்கும். அந்த எழுத்துரு எங்கே இருந்தது? சிஸ்டம் டிஸ்க்கில், விண்டோஸ் கோப்புறைக்குள். போமற் அடித்ததும் முதலில் போவது அதுதான். பாமினி ஒன்றைத் திரும்பத் தேடலாம், மாற்றிகளும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கடையிலும் தலைப்புக்கு ஒன்று, அழைப்பிதழுக்கு ஒன்று என்று பத்துப் பதினைந்து எழுத்துரு வைத்திருந்தார்கள். சிலது யார் செய்தது என்றே தெரியாது. அவற்றில் எழுத்து வரிசையும் வேறு வேறு.

அதை விட மோசம் பேஜ்மேக்கர். எங்கட பக்கத்துக் கோயில் மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், கழகத்து ஆண்டறிக்கை, கவிதைத் தொகுப்பு என்று ஒரு தலைமுறையின் அச்சு வேலை முழுக்க பேஜ்மேக்கரில் நடந்தது. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல். அதோடு அடோபி அதை நிறுத்திவிட்டது. இன்டிசைனின் பழைய பதிப்புகள் அந்தக் கோப்புகளைத் திறந்தன, இப்போதுள்ளவை திறப்பதில்லை. ஆகவே "மலரின்ட சொப்ட் கொப்பி பென்டிரைவ்ல இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் இருப்பது பூட்டு மட்டும். சாவி அந்தப் பழைய எக்ஸ்பி கொம்பியூட்டர், பேஜ்மேக்கரும் பதினைந்து எழுத்துருவும் ஏற்றின அந்தக் குறிப்பிட்ட மிசின்.

கூத்துக் கொப்பியை மறுபடி நினைத்துப் பாருங்கள். பாட்டு கொப்பியில் இருக்கும். தாளக்கட்டு அண்ணாவியாரிடம் இருக்கும். அவர் போன பிறகு கொப்பியை வைத்து வாசிக்கலாம், ஆட ஏலாது. வடமோடி, தென்மோடிக் கொப்பிகள் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் இப்படிக் கிடக்கின்றன. இதே நிலைமையை டிஜிட்டலில் நம் கையாலேயே உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம், அதுவும் இருபது வருடத்துக்குள்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொவ்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 பழைய மிசின்கள் பலதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே ஊர் முழுக்கப் பழைய கொம்பியூட்டர்கள் மேசையை விட்டு இறங்குகின்றன. சிலதைப் போமற் அடித்துத் தங்கச்சிக்குக் கொடுக்கிறார்கள், சிலது பழைய இரும்புக்காரனுக்குப் போகிறது. ஒரு வாசிகசாலையில் எக்ஸ்பி மிசின் ஒன்றை, "உள்ளுக்கு ஒண்டும் இல்ல, எல்லாம் பென்டிரைவ்ல எடுத்திட்டம்" என்று வெளியில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அவர்கள் எடுத்திருந்தது பேஜ்மேக்கர்க் கோப்புகள். அந்த வாசிகசாலையின் பெயர் தேவையில்லை, இது எல்லா இடத்திலும் நடக்கிறது.

அந்த மாதிரி மிசின் கண்ணில் பட்டால் போமற் அடிக்க முதல் இமேஜ் எடுங்கள். எக்ஸ்பி இமேஜைப் புது மதர்போட் உள்ள மிசினில் ஏற்றினால் பெரும்பாலும் நீலத்திரைதான் வரும், டிரைவர்கள் ஒத்துப்போகாது. அதற்கு வேறு வழி: அந்த டிஸ்க்கை மெய்நிகர்க் கணினியாக மாற்றுவது. மைக்ரோசொவ்டின் சிசின்டேர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்-டூ-விஎச்டி என்ற சின்னக் கருவி இருக்கிறது, டிஸ்க்கை ஒரு கோப்பாக்கித் தரும். புது விண்டோஸ் உள்ள மிசினில் அந்தக் கருவியைத் திறந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் மாட்டியும் இதைச் செய்யலாம். அந்தக் கோப்பை வேர்ச்சுவல்பொக்ஸில் திறந்தால், லேப்டொப்பின் ஒரு ஜன்னலுக்குள் பழைய எக்ஸ்பி ஓடும். பேஜ்மேக்கர் திறக்கும். மலர் தமிழில் தெரியும். எக்ஸ்பி சிலவேளை "மிசின் மாறிற்று, திரும்ப ஆக்டிவேட் பண்ணு" என்று அடம்பிடிக்கும், இரண்டு மூன்று தடவை மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உள்ளே போனதும் முதல் வேலை, மலர்களை எல்லாம் பீடிஎப் ஆக்குவது. பீடிஎப் நூலகம் போன்ற எண்ணிம நூலகங்களுக்கும் போகலாம். 2005 முதல் ஈழத்து அச்சுப் பொருட்களைச் சேர்த்துவருகிறது நூலகம். அவர்கள் பெரும்பாலும் அச்சுத் தாளை ஸ்கேன் பண்ணித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. மூலக்கோப்பு நம் கையிலேயே இருக்கும்போது அது வீணாகப் போக வேண்டியதில்லை.

இனி அந்த அண்ணன் சொன்ன பயம். நல்லா ஓடுகிற மிசினில் ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கச் சொல்லவே மாட்டேன். பண்ணவும் கூடாது. ரீஸ்டோர் என்றால் ஏற்றப்படும் டிஸ்க்கில் முதலில் இருந்தது துடைபடும். பாதி வழியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அடுக்குப் பார்ப்பது வேறு டிஸ்க்கில். ஓடுகிற டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். இன்னொரு டிஸ்க்கை, பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பழையதை விடச் சின்னதாக இல்லாமல் பார்த்து மாட்டுங்கள். பென்டிரைவில் இருந்து பூட் பண்ணி இமேஜை ஏற்றுங்கள். 100 ஜிபி இமேஜ் பழைய யூஎஸ்பி 2.0 வழியே ஏற கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மறுகா ஓன் பண்ணுங்கள்.

அப்போதுதான் வேடிக்கை தொடங்கும். பென்டிரைவில் இருந்து மிசின் பூட் ஆகாது, பயோஸுக்குள் போய் எதையாவது மாற்ற வேண்டும். சிலவேளை சீ டிரைவை மட்டும் படம்பிடித்து, பூட் ஆகிற சின்னப் பகுதியை விட்டிருப்பீர்கள், கறுப்புத் திரையில் கோடு மட்டும் மினுங்கும். புது லேப்டொப் என்றால் பிட்லொக்கர் 48 இலக்கச் சாவி கேட்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசொவ்ட் கணக்கோடு புதிதாகத் தொடங்கும் மிசின்களில் பூட்டு உங்களைக் கேட்காமலே விழுகிறது. சாவி அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கின் கடவுச்சொல் ஆருக்குத் தெரியும்? லேப்டொப் வாங்கித் தந்த கட்டார் மாமாவுக்கு. 2024 யூலை 19 கிரவுட்ஸ்ட்ரைக் பிழையில் உலகமெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் மிசின்கள் நீலத்திரையில் விழுந்தபோது, பெரிய பெரிய கம்பனிகளே இந்தச் சாவிகளைத் தேடி ஓடின. இந்த இழுபறி எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேன்டீ குடித்துக்கொண்டு நடந்தால் தலைபோகிற விஷயமில்லை. பரீட்சைப் பெறுபேறு அனுப்ப வேண்டிய காலையில் நடந்தால்தான் சங்கடம்.

"கிளவுட்ல போட்டா முடிஞ்சுதே" என்பவர்களுக்கு இரண்டு கதை. தென்கொரியாவில் 2025 செப்டெம்பர் 26 தேஜோன் நகர அரச தரவு நிலையத்தில் பற்றரி தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிளவுட்டில் 858 டெராபைட் போனது. அளவு பெரிது என்று சொல்லி வெளியே ஒரு பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள். கொரியா, நாம் போன் வாங்குகிற நாடு. மற்றது கிட்லாப் என்ற கம்பனி. 2017 சனவரி 31 இரவு ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் அழித்துவிட்டார். பேக்கப்புக்கென்று ஐந்து வழி வைத்திருந்தார்கள், ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒருவர் ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அவர்களை எனக்குப் பிடிக்கும். மீட்பு வேலையை யூடியூப்பில் நேரலையாகக் காட்டினார்கள், பிறகு எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார்கள். ஐசிடிஏ அப்படி ஒன்று எழுதியிருந்தால் நம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் பாடத்தில் படிப்பிக்கலாம்.

கூகிள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபி. சிஸ்டம் டிஸ்க் அதற்குள் அடங்காது. சிங்க் பண்ணுவது நல்லதுதான், ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

காசு விஷயம் உண்மை. உதிரி டிஸ்க் ஒன்று வாங்க எல்லாராலும் ஏலாது. ஆகவே இதைத் தனி ஆள் வேலையாக நான் பார்க்கவில்லை. ஒரு கிராமத்துக்கு இரண்டு வெளி டிஸ்க், ஒரு உதிரி டிஸ்க், ஒரு பென்டிரைவ் போதும். பாடசாலையும் வாசிகசாலையும் கோயில் சபையும் பள்ளிவாசலும் மாறி மாறிப் பாவிக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை, மாரிக்கு முன், புரட்டாதியில் ஒரு நாள். வாய்க்கால் துப்புரவாக்குகிற காலம் அது, அதோடு இதுவும் போகட்டும். தொழில்நுட்பம் படிக்கிற பொடியனும் பெட்டையும் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

இரண்டு வெளி டிஸ்க் என்றேன், இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்தால் ஐசிடிஏ கதைதான். 1978 நவம்பர் சூறாவளி எந்த அலுமாரியையும் விட்டுவைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 கடல் எழுவான்கரைக்குள் வந்தது. 2011 சனவரி வெள்ளமும் உன்னிச்சைக் குளத்து வான்கதவும் படுவான்கரைக்குத் தெரியும். கடல் வருகிற நாளும் குளம் வருகிற நாளும் அநேகமாக ஒன்றாக இருக்காது. வாவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கல்லடியில் இருப்பவர்களுக்குக் கொக்கட்டிச்சோலையில் ஒரு சொந்தக்காரராவது இருப்பார். மண்முனைப் பாலத்தால் போனால் மோட்டார்சைக்கிளில் எட்டுகிற தூரம். டிஸ்க்கைப் பொலித்தீன் பையில் சுற்றி, எந்த மிசினுடைய இமேஜ், எடுத்த திகதி, கடைசியாக ஏற்றிப் பார்த்த திகதி மூன்றையும் பேனையால் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.